உருளும் வெள்ளி வீடு

ஆமை தன் வீட்டை முதுகில் சுமந்து செல்கிறது. நத்தையும் அப்படியே. மனிதனுக்குச் சுமக்க மனமில்லை. வீட்டுக்கே சக்கரம் மாட்டி, காரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிறான். அமெரிக்காவில் இத்தகைய வீட்டை 'டிராவல் டிரெய்லர்' என்கிறார்கள். நாம் 'இழுவை வீடு' என்று வைத்துக்கொள்வோம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிவறை எல்லாம் அதற்குள் உண்டு.

என்னோடு எம்.எஸ்ஸி. படித்த நண்பர் ஒருவர் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் வசிக்கிறார். 2023 ஆம் ஆண்டு மே மாதம், கல்லூரி விடுமுறையில், அவர் வீட்டில் மூன்று வாரம் தங்கினேன். "நயாகரா பார்க்கலாம், வா" என்றுதான் அழைத்திருந்தார். போய்ப் பார்த்தால் வீட்டின் கொல்லையில் 1966 இல் செய்யப்பட்ட அலுமினிய இழுவை வீடு ஒன்று நிற்கிறது! நீளம் 24 அடி. அதைப் பழுதுபார்த்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றப் போவதாகச் சொன்னார். நயாகராவை நான் இன்றுவரை பார்க்கவில்லை. மூன்று வாரமும் கையில் ஸ்பானரோடு கழிந்தது. இயற்பியல் ஆசிரியனுக்கு அதைவிட நல்ல விடுமுறை கிடைப்பது அரிது.

முன்பாரமும் பின்பாரமும்

அந்த வண்டியை வாங்கி வந்த அன்றே நண்பர் உயிர் தப்பியிருக்கிறார். விற்றவர் ஒரு பழைய அடுப்பு, கருவிப் பெட்டிகள், உதிரித் தகடுகள் எனப் பல பொருள்களைக் கொடுத்தார். நண்பர் அவற்றையெல்லாம் இழுவை வீட்டின் பின்கோடியில் அடுக்கினார். கதவு அங்கே இருந்தது, ஏற்றுவது சுலபம். நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தொட்டதும், வண்டி நாயின் வாலைப் போல இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிது. காரையே திருப்பிவிடும் நிலை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, காரின் பிரேக்கை அழுத்தாமல், இழுவை வீட்டுச் சக்கரங்களின் பிரேக்கை மட்டும் தனிப் பிடியால் மெல்ல இயக்கியதால் தப்பினார்.

ஏன் அப்படி ஆடியது? நம் ஊரில் மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுபவரைப் பாருங்கள். "முன்பாரம் போதுமா?" என்று நுகத்தடியை ஒரு முறை தூக்கிப் பார்ப்பார். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு எழும்பிவிடும். இழுவை வீடும் அச்சின்மேல் நிற்கும் ஒரு நெம்புகோல்தான். அதன் ஈர்ப்பு மையம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு காரின் கொக்கிமேல் அழுந்த வேண்டும் என்பது அங்குள்ள கணக்கு.

மாட்டு வண்டிக்கு இல்லாத ஓர் ஆபத்து, வேகத்தால் வருவது. இழுவை வீடு காரோடு ஒரே புள்ளியில், ஓர் உருண்டைக் கொக்கியில், பிணைந்திருக்கிறது. அது படுக்க வைத்த ஊசல். ஒரு காற்று வீச்சோ, பக்கத்தில் விரையும் லாரியோ அதைத் தள்ளினால் ஆடும். டயர்கள் சாலையில் உரசி ஆட்டத்தை அடக்கும். ஆனால் வேகம் கூடக் கூட இந்த அடக்கும் விளைவு குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஆட்டம் தேய்வதற்குப் பதிலாக வளரும். வண்டியின் முன்னோக்கிய ஓட்டமே அதற்கு ஆற்றலை ஊட்டுகிறது. பின்பாரம் மிகுந்தால் அந்த எல்லை வேகம் கீழே இறங்கிவிடுகிறது. நண்பரின் வண்டிக்கு அது 90 கிலோமீட்டர் அளவுக்கு வந்துவிட்டது.

பின்னால் ஏற்றியதற்கு ஈடாக முன்கோடியிலும் பாரம் ஏற்றினால் சரியாகிவிடுமா? ஆகாது. இரு கோடியிலும் எடை இருந்தால் சுழற்சி நிலைமம் பெரிதாகும். ஆடத் தொடங்கிய வண்டியை நிறுத்துவது இன்னும் கடினம். கனமான பொருள்களுக்கு இடம் சக்கரங்களை ஒட்டித் தரைமட்டத்தில்தான்.

முட்டை ஓடும் ஏணியும்

நண்பருக்கு முதலில் வண்டியைப் பளபளவென்று மெருகேற்ற ஆசை. நான் போவதற்கு முன்பே ஒரு பக்கச் சுவரில் இரண்டு வார இறுதிகளைச் செலவிட்டிருந்தார். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு! ஆனால் உள்ளே கால் வைத்ததும் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. தரை, நனைந்த அட்டையைப் போல அமுங்கியது.

பழைய இழுவை வீடுகளை வாங்குவோர் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. பின்பக்க பம்பரின்மேல் ஏறி நின்று மெல்லக் குதிக்க வேண்டும். மற்றொருவர் அருகில் குனிந்து, பம்பருக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே அசைந்தால் நலம். நான் குதித்தேன். பம்பர் இறங்கியது, அலுமினிய உடல் இருந்த இடத்திலேயே இருந்தது. வீடு தன் அடித்தளத்தைவிட்டுப் பிரிந்திருந்தது! நண்பரின் முகம் வாடிப்போயிற்று. அந்தப் பளபளக்கும் சுவரை அன்று அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இது எவ்வளவு பெரிய நோய் என்பது புரிய வேண்டுமானால், இந்த வண்டி எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிய வேண்டும். அடியில் ஏணி போன்ற எஃகுச் சட்டம். அதன்மேல் பிளைவுட் தரை. தரையின் விளிம்பில் அலுமினிய வில்களும், அவற்றின்மேல் ரிவெட் அடித்த அலுமினியத் தகடுகளும் கொண்ட மேலோடு. தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தனித் தகடு கையால் வளையும். வளைத்து, மூடிய ஓடாக்கினால் முட்டையைப் போல உறுதி பெறும். எஃகு ஏணி மட்டும் தனியாக இருந்தால் முறுக்கிக்கொள்ளும். மேலோடும் ஏணியும் சேர்ந்தே பாரம் தாங்குகின்றன. இரண்டையும் பிணைக்கும் போல்ட்டுகள் பிளைவுட்டின் ஊடாகத்தான் போகின்றன. பிளைவுட் அழுகினால் பிணைப்பு போயிற்று. பிறகு ஓடு வேறு, ஏணி வேறு.

இந்தக் கட்டுமானம் விமானத்திலிருந்து வந்தது. 1927 இல் சார்லஸ் லிண்ட்பர்க் அட்லாண்டிக் கடலைத் தனியே பறந்து கடந்த 'ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்த்தவர்களுள் ஒருவர் ஹாலி பௌலஸ். அவர் 1934 இல் 'ரோட் சீஃப்' என்ற அலுமினிய இழுவை வீட்டை அமைத்தார். அவருடைய நிறுவனம் நொடித்துப்போயிற்று. அதன் வழியைத் தொடர்ந்தவர் வாலி பயம். (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இவர் பயம் அறியாதவர். 1959-60 இல் ஒரு கூட்டம் இழுவை வீடுகளோடு கேப் டவுனிலிருந்து கெய்ரோவரை ஆப்பிரிக்காவின் குறுக்கே பயணம் செய்தார்.) அவருடைய ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936 இல் 'கிளிப்பர்' என்ற வண்டியை வெளியிட்டது. 1952 முதல் ஒகையோவின் ஜாக்சன் சென்டர் என்ற சிற்றூரில் அந்நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்குகிறது. நண்பரின் வண்டியும் இந்த வகையைச் சேர்ந்ததே.

ஒகையோவுக்கும் அலுமினியத்துக்கும் இன்னொரு உறவு உண்டு. ஒரு காலத்தில் அலுமினியம் வெள்ளிக்கு நிகரான விலை பெற்றிருந்தது. அதை மின்னாற்பகுப்பால் மலிவாகப் பிரித்தெடுக்கும் வழியை 1886 இல் கண்டவர் சார்லஸ் மார்ட்டின் ஹால், ஒகையோவின் ஓபர்லின் ஊர்க்காரர். தம் வீட்டை ஒட்டிய கொட்டகையில்தான் ஆய்வு செய்தார். அதே ஆண்டில் பிரான்சில் பால் ஹெரூல்ட்டும் தனியே அதே வழியைக் கண்டார். இருவரும் பிறந்தது 1863 இல். இறந்ததும் ஒரே ஆண்டில், 1914 இல். அந்தக் கொட்டகை இல்லையேல் நண்பரின் கொல்லையில் இந்த வண்டியும் இல்லை.

நீர் நுழைந்த வழிகள்

சரி, தரையை அழுகச் செய்தது எது? நீர். கூரையில் ஓட்டை ஏதும் இல்லையே என்று நண்பர் வாதிட்டார். நீருக்கு ஓட்டை வேண்டியதில்லை. தகட்டின்மேல் தகடு படியும் மெல்லிய இடைவெளி போதும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நுண்புழை விளைவால் மழைநீர் அந்த இடைவெளிக்குள் புகுந்து மேல்நோக்கியும் செல்லும். அதைத் தடுக்கத்தான் தகடுகளின் இடையில் ரப்பர் போன்ற பசையை இடுகிறார்கள். அது காய்ந்து வெடித்தால் வழி திறந்துவிடும்.

பசை ஏன் வெடிக்கிறது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். மேலோட்டின் நீளம் 6 மீட்டர் என்று கொள்வோம். ஒகையோவில் குளிர்கால இரவுக்கும் கோடைப் பகலுக்கும் 50 டிகிரி செல்சியஸ் வேறுபாடு எளிதில் வந்துவிடும். அலுமினியத்தின் நீள் விரிவெண் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23, எஃகுக்கு 12. பெருக்கிப் பாருங்கள். அலுமினிய ஓடு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீள்கிறது. எஃகு ஏணி மூன்றரை மில்லிமீட்டர் அளவே நீள்கிறது. மேலே ஒருவன், கீழே ஒருவன், ஆண்டுதோறும் இழுபறி. ஐம்பது ஆண்டுக்கு மேல் இந்த இழுபறியில் நைந்த பசையை முந்தைய உரிமையாளர் ஒருமுறைகூடப் புதுப்பித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது வழி இன்னும் தந்திரமானது. மழையே பெய்யாவிட்டாலும் உள்ளே நீர் உண்டாகும். நான்கு பேர் மூடிய வண்டிக்குள் உறங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் வெளிப்படும் நீராவி, விடிவதற்குள் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீருக்குச் சமம். வெளித்தகடுக்கும் உள்தகடுக்கும் நடுவே கண்ணாடிப் பஞ்சு அடைத்திருக்கிறது. அது வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் இரு தகடுகளையும் இணைக்கும் அலுமினிய வில்கள் கண்ணாடிப் பஞ்சைவிடச் சில ஆயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அவை உள்ளிருந்து வெளியே வெப்பத்துக்குப் போட்ட பாலங்கள். வில் இருக்கும் இடத்தில் மட்டும் உட்சுவர் குளிர்ந்து, பனிநிலைக்குக் கீழே போய்விடுகிறது. ஐஸ் நீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல அங்கே துளிகள் அரும்பி, சுவருக்குள் வழிந்து, தரையின் விளிம்பில் தங்குகின்றன. மே மாதத்துக் காலைக் குளிரில் இந்த வரிகளை நானே பார்த்தேன். சுவரில் வில் வில்லாக ஈரக் கோடுகள்! உட்தகட்டைக் கழற்றாமலே எலும்புக்கூட்டை எண்ண முடிந்தது.

மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக இருந்தால் அழுகச் செய்யும் பூஞ்சை வளர்வதில்லை. இங்கே தரையின் பின்விளிம்பு ஆண்டுக்கணக்கில் நனைந்தே கிடந்தது. பலகையை விரலால் கிள்ளி எடுத்தேன்.

ஈரம் உலோகத்தையும் விடவில்லை. அடிவயிற்றை மூடும் அலுமினியத் தகடு எஃகுச் சட்டத்தைத் தொடும் இடமெல்லாம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருந்தது. இரண்டு வெவ்வேறு உலோகம், நடுவே ஈரம், அந்த ஈரத்தில் குளிர்காலச் சாலைகளில் பனி உருகத் தூவும் உப்பு. இது என்ன? நீங்கள் வகுப்பில் செய்த மின்கலமேதான்! இந்தக் கலத்தில் அலுமினியம் எதிர்முனையாகி, தான் கரைந்து எஃகைக் காக்கிறது. ஆனால் காப்பும் தொடுகிற இடத்தில்தான். மற்ற இடத்தில் நனைந்த பலகையின் அடியில் எஃகு தன் பங்குக்குத் துருப்பிடித்திருந்தது.

கூரையைத் தூக்கினோம்

பின்கோடிப் பலகையை மட்டும் வெட்டி ஒட்டுப்போட நண்பருக்கு எண்ணம். செலவு குறையும், அந்தக் கோடையிலேயே பயணமும் போகலாம். நான் உடன்படவில்லை. துருவின் முழு அளவு தெரியாமல், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு 90 கிலோமீட்டர் வேகத்தில் போவதா? இரண்டு நாள் விவாதித்தோம். கடைசியில் அவர் மனைவி, "பின்பக்கம் மட்டும்தான் அழுகியிருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். விவாதம் முடிந்தது.

உள்தகடுகளைக் கழற்றியபோது பஞ்சுக்குள் எலிக்கூடுகள் இருந்தன. இங்கே ஓர் எச்சரிக்கை. 1993 இல் அமெரிக்காவின் தென்மேற்கில் பலரைப் பலிகொண்ட ஹான்டா வைரஸ், அங்குள்ள ஒருவகைச் சுண்டெலியின் கழிவில் இருப்பது. காய்ந்த கழிவைப் பெருக்கினால் தூசியோடு மூச்சில் ஏறும். ஆகவே துடைப்பத்தைத் தொடாமல், முகமூடியும் கையுறையும் அணிந்து, பிளீச்சிங் கரைசல் தெளித்து ஊறவைத்து, ஈரமாகவே அள்ளினோம்.

மேலோடு சரிந்துவிடாமல் உள்ளே மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக முட்டுக் கொடுத்தோம். இரண்டு மரச் சட்டங்கள் நிறுத்தி, செயின் பிளாக்கால் மெல்ல உயர்த்தினோம். சங்கிலியை மீட்டர் கணக்கில் இழுத்தால் ஓடு சென்டிமீட்டர் கணக்கில் எழும்பும். கப்பி விசையில் மிச்சம்பிடித்துத் தூரத்தில் செலவழிக்கிறது. அடியிலிருந்த ஏணியை வெளியே உருட்டிப் பார்த்தால், பின் குறுக்குச் சட்டங்களில் விரல் நுழையும் ஓட்டைகள் மூன்று. அச்சுகளிலும் பயன் இல்லை. அவற்றில் எஃகுச் சுருள் கிடையாது. குழாய்க்குள் அடைத்த ரப்பர் தண்டுகளே வில்லாக வேலை செய்கின்றன. ரப்பர் முதுமையில் இறுகி, துள்ளும் தன்மையை இழந்திருந்தது. புது அச்சுகள் வாங்கிப் பொருத்தினோம். துருப்பிடித்த சட்டங்களை வெல்டிங் தெரிந்தவர் வந்து மாற்றினார். எஃகுக்கு வண்ணம் பூசி, அலுமினியம் தொடும் இடமெல்லாம் காப்பு நாடா ஒட்டினோம். விளிம்புகளை எப்பாக்சியில் ஊறவைத்த புதிய பிளைவுட்டைப் பரப்பி, ஓட்டை இறக்கிப் பூட்டினோம்.

ரிவெட் அடிப்பதற்கு இருவர் வேண்டும். வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலால் தலையைத் தட்டுவார். உள்ளே ஒருவர் வாலின்மேல் கனத்த எஃகுக் கட்டையை அழுத்திப் பிடிப்பார். நண்பரின் மகள், பத்தாம் வகுப்பு மாணவி, உள்ளே நின்றாள். சிறிது நேரத்தில், "மாமா, கை வலிக்கிறது. இலேசான கட்டையாகக் கொடுங்களேன்" என்றாள். கொடுத்தேன். அடித்த ஐந்து ரிவெட்டில் ஒன்றுகூடச் சரியாகப் பருக்கவில்லை. கட்டை துள்ளித் துள்ளி விலகியது. காரணம் நிலைமம். கனத்த கட்டை அடியின் அந்தக் கணத்தில் அசைய மறுக்கிறது. நடுவில் அகப்பட்ட ரிவெட்டின் வால் வேறு வழியின்றித் தன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காகப் பருத்துவிடுகிறது. அவளே பழைய கட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். வீணான ஐந்தையும் துளையிட்டு எடுக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

சோப்புக் குமிழியும் சந்திரனும்

பசையெல்லாம் புதிதாக இட்டாயிற்று. கசிவு இல்லை என்று எப்படி உறுதி செய்வது? மழைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கதவு, சன்னல்களை மூடி, ஒரு காற்றூதியால் உள்ளே அழுத்தத்தைச் சற்றே உயர்த்தினோம். வெளியே தகட்டு இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளித்தோம். கசியும் இடத்தில் காற்று வெளியேறிக் குமிழி கட்டும். முதல் சுற்றில் பதினொரு குமிழிகள். ஒவ்வொன்றையும் சாக்குக்கட்டியால் வட்டமிட்டோம். சமையல் வாயுக் குழாயின் இணைப்புகளையும் இதே சோப்பு நீரால் பார்த்தோம். புரொப்பேன் வாயு காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனமானது; கசிந்தால் தரையில் குளம்போலத் தேங்கும். மூடிய சிறு வண்டிக்குள் அதைவிட ஆபத்து வேறில்லை.

இதற்கு நேர் எதிரான ஏற்பாட்டை இதே வகை வண்டி ஒன்றில் செய்திருக்கிறார்கள். 1969 ஜூலை 24 அன்று அப்போலோ 11 வீரர்கள் பசிபிக் கடலில் இறங்கினார்கள். சந்திரனிலிருந்து ஏதேனும் நோய்க்கிருமி தொற்றியிருக்குமோ என்ற அச்சத்தில் அவர்களைத் தனிமைப்படுத்தினர். 'ஹார்னெட்' கப்பலில் ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரும் நுழைந்த அறை, சக்கரம் கழற்றிய 35 அடி ஏர்ஸ்ட்ரீம் இழுவை வீடு! அதிபர் நிக்சன் சன்னலுக்கு வெளியே நின்றுதான் அவர்களோடு பேசினார். அதனுள் காற்றழுத்தத்தை வெளியைவிடக் குறைத்து வைத்தார்கள். எங்கேனும் சிறு இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர, உள்காற்று வெளியே வராது. அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் வர்ஜீனியா கிளையில் இருக்கிறது. அப்போலோ 12 வீரர்கள் தங்கியது என்ன ஆயிற்று தெரியுமா? 2007 இல் அலபாமாவில் ஒரு மீன் குஞ்சு வளர்ப்பு நிலையத்தில் கண்டெடுக்கப்பட்டது!

பதினொரு வட்டங்களையும் அடைத்து மறுபடி ஊதினோம். இரண்டு குமிழிகள். அவற்றையும் அடைத்தோம்.

நான் கிளம்பும்போது மெருகேற்றும் வேலை முதல் சுவரோடு நின்றிருந்தது. நண்பர் அவசரப்படவில்லை. அலுமினியம் காற்றுப் பட்டதும், ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்கே தடிமனுள்ள ஆக்சைடுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும். மங்கலாக இருப்பதால் அதற்குக் கேடு ஒன்றும் இல்லை. "பளபளப்பாக்கினால் வெயிலில் உள்ளே குளிர்ச்சியாக இருக்குமே?" என்று மகள் கேட்டாள். இதில் பெரியவர்களும் ஏமாறுவதுண்டு. மெருகேறிய உலோகம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பிவிடுகிறது, உண்மை. ஆனால் உறிஞ்சிய சிறிதளவு வெப்பத்தையும் கதிர்வீசி வெளியேற்ற அதற்குத் தெரியாது. கூரைக்குப் பளபளப்பைவிட வெள்ளை வண்ணமே குளிர்ச்சி. அவள் நம்பவில்லை. ஒரே அளவுள்ள இரண்டு தகட்டுத் துண்டுகளை எடுத்து, ஒன்றுக்கு வெள்ளை பூசி, இரண்டையும் நடுப்பகல் வெயிலில் மரப்பலகைமேல் வைத்தோம். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தவள், பளபளப்பான துண்டிலிருந்து சட்டென்று விரலை எடுத்துக்கொண்டாள். நீங்களும் வீட்டில் செய்யலாம். தகட்டைக் கையுறையோடு எடுங்கள்.

அக்டோபரில் நண்பரிடமிருந்து ஒரு படம் வந்தது. முதல் பயணத்துக்கு முன் எடைமேடையில் பெற்ற சீட்டு. பொருள்களும் தண்ணீரும் ஏற்றிய பின் வண்டியின் மொத்த எடை 2040 கிலோ; காரின் கொக்கிமேல் 255 கிலோ. அடியில் மகளின் கையெழுத்தில் "முன்பாரம்?" என்று மட்டும் எழுதியிருந்தது. எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு, போகலாமா கூடாதா என்பதை நீங்களே சொல்லுங்கள்.